விமானம் ஏறிய ஒருவனும் ஏறாத மற்றவர்களும்

இமானுவேல் ஜாலுக்குத் தன் பிறந்த நாள் தெரியாது. 1980 ஜனவரி 1 என்று வைத்துக்கொண்டிருக்கிறார். தென் சூடான் போரிலிருந்து தப்பி அகதி முகாம்களுக்கு வந்துசேர்ந்த பிள்ளைகளில் ஏராளமானோருக்கு இதே ஜனவரி 1 தான் பிறந்த நாள். பதிவேட்டை நிரப்பியவர்கள் உத்தேசமாக ஒரு வயதைக் கணக்கிட்டு அந்தத் தேதியைப் போட்டார்கள். இன்ன மழைக்காலத்தில் பிறந்தான், அன்று வீட்டில் இன்னது நடந்தது என்று சொல்லத் தாயோ பாட்டியோ பக்கத்தில் இல்லாத பிள்ளைகள் அவர்கள்.

அவர்களில் ஒருவரான ஜால் இன்று உலகம் அறிந்த ராப் பாடகர். கனடாவின் டொராண்டோவில் வாழ்கிறார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள்: துப்பாக்கி பிடித்த கை மைக் பிடித்தது, பட்ட துன்பம் பாட்டாகிவிட்டது. கேட்க நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் வேறு யாருமே இல்லை. சிறுவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தவர்கள் இல்லை. அதைப் பிடுங்கி வைத்தவர்கள் இல்லை. அவனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியவர்கள் இல்லை. அவனோடு நடந்துவந்து வழியில் விழுந்த பிள்ளைகளும் இல்லை. ஜால் தன் பாடல்களிலும் 2009-இல் வெளிவந்த தன்வரலாற்று நூலிலும் இவர்கள் எல்லோரையும் சேர்த்தே சொல்கிறார். கேட்கிற நாம்தான் அவர்களைக் கழித்துவிட்டுக் கேட்கிறோம்.

சூடானின் இரண்டாவது உள்நாட்டுப் போர் 1983-இல் தொடங்கி 2005 வரை நடந்தது. வடக்கே கார்ட்டூமில் அரசு, தெற்கே சூடான் மக்கள் விடுதலைப் படை. போரிலும் அது கொண்டுவந்த பஞ்சத்திலும் நோயிலும் ஏறத்தாழ 20 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். நூயர் இனத்தைச் சேர்ந்த ஜாலுக்கு ஏழு வயது இருக்கும்போது அவருடைய தாய் அரசுப் படையினரால் கொல்லப்பட்டார். தந்தை கிளர்ச்சிப் படையில் இருந்தார். எத்தியோப்பியாவுக்குப் போனால் படிக்கலாம், அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொல்லிப் பிள்ளைகளைத் திரட்டினார்கள். ஜாலும் புறப்பட்டார். காட்டிலும் பாலையிலும் நடந்தும், நைல் நதியில் படகேறியும் போன அந்தப் பயணத்தில் எத்தனையோ பிள்ளைகள் பசியாலும் தாகத்தாலும் மடிந்தார்கள். ஆற்றோடு போனவர்கள் உண்டு.

எத்தியோப்பியாவின் பின்யுடோ முகாமில் பள்ளிக்கூடம் இருக்கத்தான் செய்தது. ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியில் நடந்த முகாம் அது. வெளிநாட்டார் பார்வைக்குப் பள்ளி. அவர்கள் கண்ணுக்கு அப்பால் படைப் பயிற்சி. தன்னைவிட உயரமான ஏ.கே. 47-ஐத் தூக்கக் கற்றுக்கொண்டபோது ஜாலுக்குப் பத்து வயதுகூட நிரம்பியிருக்காது. தாயைக் கொன்றவர்களைப் பழிவாங்க வேண்டும் என்ற ஆசையும் அந்தச் சிறுவனுக்கு இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வெறுப்பைச் சொல்லி அழைத்திருந்தால் எத்தனை பிள்ளைகள் போயிருப்பார்களோ தெரியாது. பள்ளிக்கூடம் என்று சொன்னதும் போனார்கள். எந்த ஊரில் பள்ளி இல்லையோ, அல்லது இருந்தும் எட்டாத தொலைவில் இருக்கிறதோ, அந்த ஊரில்தான் இந்த ஆசைவார்த்தை எடுபடும். தென் சூடானில் பல தலைமுறைகளாகப் பள்ளிகள் கட்டப்படாததற்கு ஒரு தளபதி மட்டும் பொறுப்பல்ல. ஆண்ட ஆங்கிலேயர்கள், பிறகு வந்த கார்ட்டூம் அரசுகள், எண்ணெய்க்காகவும் செல்வாக்குக்காகவும் இரு தரப்புக்கும் ஆயுதம் கொடுத்த நாடுகள் என்று பட்டியல் நீளும். ஒரு சிறுவன் கையில் துப்பாக்கி வந்து சேர்வதற்கு முன்னால் அது அவ்வளவு பேர் கையைக் கடந்து வருகிறது.

1991-இல் எத்தியோப்பியாவில் மெங்கிஸ்து ஆட்சி கவிழ்ந்தது. அகதிகள் விரட்டப்பட்டார்கள். ஜால் அங்கும், பிறகு தென் சூடானின் ஜூபாவிலும் போர்முனையைக் கண்டார். கிளர்ச்சிப் படையே பிளந்து தெற்கத்தியர்கள் தங்களுக்குள் கொன்றுகொள்ளத் தொடங்கியபோது, ஏறத்தாழ 400 பேர் படையைவிட்டு ஓடினார்கள். வாட் என்ற ஊரை நோக்கி மூன்று மாதம் நடை. உயிரோடு போய்ச் சேர்ந்தவர்கள் 16 பேர் என்று ஜால் சொல்கிறார். பசியின் உச்சத்தில், செத்துக்கொண்டிருக்கும் தோழனின் உடலை உணவாக நினைத்துப் பார்த்த இரவைப் பற்றிப் பின்னாளில் அவர் ஒரு பாடலே எழுதினார். அந்தப் பாடலைக் கேட்டுவிட்டு உடனே கைதட்ட யாருக்கும் மனம் வராது.

வாட்டில் அவரைக் கண்டவர் எம்மா மெக்கியூன். அஸ்ஸாமில் பிறந்து இங்கிலாந்தின் யார்க்ஷயரில் வளர்ந்த பெண். நிவாரணப் பணியாளராகத் தென் சூடானுக்கு வந்து, மரத்தடியும் கரும்பலகையும் இருந்தால் போதும் என்று சிற்றூர்களில் பள்ளிகளைத் திறக்க உதவியவர். இவரைப் பற்றி ஒருமித்த கருத்து கிடையாது. பிளவுபட்ட அணியின் தளபதியான ரீக் மச்சாரை 1991-இல் மணந்தார். அதனால் நிவாரண வேலையை இழந்தார். போரின் ஒரு தரப்போடு சேர்ந்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு இன்றும் இருக்கிறது. அந்தக் குற்றச்சாட்டில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் எலும்பும் தோலுமாக நின்ற ஒரு சிறுவனைப் பார்த்ததும், அவன் கையிலிருக்க வேண்டியது துப்பாக்கியல்ல என்று முடிவெடுத்து, நிவாரண விமானத்தில் ஒளித்து ஏற்றி நைரோபிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். விதிப்படி பார்த்தால் அது கடத்தல். அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருந்தால் அந்தச் சிறுவனின் பெயர் நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

1993 நவம்பரில் நைரோபியில் நடந்த சாலை விபத்தில் எம்மா இறந்தார். வயது 29. கருவுற்றிருந்தார். ஜால் மறுபடியும் ஆதரவற்றவரானார். நைரோபியின் குடிசைப் பகுதிகளில் அலைந்தார். கதை இங்கேயே முடிந்திருக்கலாம். முடியாமல் தடுத்தவர்கள் எம்மாவின் நண்பர்கள் சிலர். அவர்கள் உதவியால்தான் அவர் படிப்பு நின்றுபோகாமல் தொடர்ந்தது. இந்த நண்பர்களைப் பற்றித் திரைப்படம் எடுக்க எதுவும் இல்லை. அவர்கள் யாரும் விமானத்தில் எவரையும் ஒளித்து ஏற்றவில்லை. பருவம் தவறாமல் பணம் கட்டினார்கள், அவ்வளவுதான். என் கணக்கில் எம்மாவின் துணிச்சலுக்கு இது எள்ளளவும் குறைந்ததல்ல. துணிச்சல் ஒரு நாளில் முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஒரு பிள்ளையின் கட்டணத்தை நினைவில் வைத்திருப்பதற்கு வேறொரு மனம் வேண்டும்.

பாட்டு அந்தப் பள்ளி நாள்களுக்குப் பிறகுதான் வந்தது. நைரோபியில் தேவாலயப் பாடல்களில் தொடங்கி, தெருப்பிள்ளைகளுக்கு நிதி திரட்டும் மேடைகள் வழியாக ராப் இசைக்கு வந்தார் ஜால். 2005-ஐ ஒட்டிக் கென்யாவில் பெரும் வெற்றிபெற்ற அவருடைய பாடலின் பெயர் ‘குவா’. நூயர் மொழியில் அமைதி. சூடானிய அரபியில் வலிமை. நூயர், டிங்கா, அரபி, சுவாஹிலி, ஆங்கிலம் ஆகிய மொழிகள் அவர் பாட்டில் கலந்து வருகின்றன. தெற்கின் இரு இனங்களான நூயர்களும் டிங்காக்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலத்துக்குப் பிறகு அந்த இரண்டு மொழிகளையும் ஒரே மூச்சில் பாடுவது என்றால் என்ன என்பதை, சாதியாலும் மதத்தாலும் பிரிந்து கிடக்கும் ஊர்களில் வாழும் நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே 2005-இல் வந்த ‘சீஸ்ஃபயர்’ என்ற இசைத்தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் ஜாலோடு சேர்ந்தவர் அப்தெல் காதிர் சலீம். வடக்குச் சூடானைச் சேர்ந்த முஸ்லிம், ஊத் என்ற நரம்பிசைக் கருவியை வாசிக்கும் மூத்த கலைஞர். எந்த மக்களைக் கொல்ல வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டானோ, அந்த மக்களின் இசையோடு தன் குரலைச் சேர்த்தான் அந்தச் சிறுவன். வடக்கும் தெற்கும் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அதே ஆண்டு ஜனவரியில்தான். ஒப்பந்தத்தைத் தலைவர்கள் எழுதினார்கள். அது உள்ளே இறங்க இப்படிப்பட்ட வேலைகள் தேவைப்பட்டன.

2008-இல் வந்த ‘வார்சைல்ட்’ தொகுப்பில் எம்மாவுக்கு ஒரு பாடல் இருக்கிறது. அதே தொகுப்பில் அமெரிக்க ராப் பாடகர் 50 சென்ட்டை நேராகப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கும் பாடலும் இருக்கிறது; அவர் பெயரில் வந்த, சுட்டுத்தள்ளுவதே வேலையாக அமைந்த வீடியோ விளையாட்டைக் கண்டித்து எழுதியது. துப்பாக்கியை அழகுப் பொருளாகக் காட்டும் பாட்டுக்கு எதிராகப் பேச, துப்பாக்கியைத் தோளில் சுமந்த சிறுவனைவிடத் தகுதியானவர் யார்? நம் திரைப்படங்களிலும் பாடல்களிலும் அரிவாளும் துப்பாக்கியும் நாயகனின் நகைபோல மின்னும் இந்த நாள்களில் அந்தக் கேள்வி நம் இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் பொருந்தும்.

துன்பம் கலைஞனை உருவாக்குகிறது என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. பட்டால்தான் பக்குவம் வரும், புடம் போட்டால்தான் பொன் ஒளிரும் என்று சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறோம். நான் இதை ஏற்கவில்லை. ஜாலோடு நடந்த ஏறத்தாழ நானூறு பேரும் அதே புடத்தில்தான் வெந்தார்கள். அவர்களில் எத்தனை பாடகர்கள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை நல்ல தகப்பன்மார் இருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது, மணலில் கிடக்கிறார்கள். துன்பம்தான் பாட்டைக் கொடுக்கும் என்றால் அந்த வழியெல்லாம் பாட்டாக இருந்திருக்க வேண்டும். ஜாலுக்குப் பாட்டைக் கொடுத்தது துன்பம் நின்றபோது கிடைத்த வகுப்பறையும் சாப்பாடும் இரவில் பயமில்லாமல் தூங்கக் கிடைத்த ஓர் இடமும்தான். அந்த இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் நடந்ததைத் திரும்பிப் பார்க்க முடிந்தது.

இதை ஜால் நன்றாக உணர்ந்திருக்கிறார் என்பதற்கு அவர் செய்த ஒரு காரியமே சாட்சி. தென் சூடானின் லேர் நகரில் எம்மாவின் பெயரில் பள்ளி கட்ட நிதி திரட்டுவதற்காக, 2008 இறுதியிலிருந்து 600 நாள்களுக்கும் மேலாக ஒரு நாளைக்கு ஒரே வேளை மட்டும் சாப்பிட்டார். பசியென்றால் என்ன என்று தெரிந்த மனிதர், பள்ளிக்கூடத்துக்காக அந்தப் பசியைத் தானே மறுபடி அழைத்துக்கொண்டார்.

ஆனால் அதன் பின் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2011 ஜூலை 9 அன்று தென் சூடான் தனி நாடானது. 2013 டிசம்பரில் அந்த நாட்டுக்குள்ளேயே போர் மூண்டது. அதன் ஒரு பக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் எம்மாவை மணந்த அதே ரீக் மச்சார். 2014 தொடக்கத்தில் லேர் நகரம் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே நடத்திவந்த மருத்துவமனையும் அழிக்கப்பட்டது. இரு தரப்பும் மறுபடியும் சிறுவர்களைப் படையில் சேர்த்தன. ஒரு மனிதன் எவ்வளவு பட்டினி கிடந்தாலும் ஒரு நாட்டின் பிள்ளைகளைத் தனியே காப்பாற்ற முடியாது. ஜாலின் சகோதரி நியாருவாச் கென்யாவின் ககுமா அகதி முகாமில்தான் இருந்தார். 2018-இல் அண்ணனும் தங்கையும் சேர்ந்து ‘நாத்’ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்; ஒருவருக்கு விமானம் கிடைத்தது.

பதினெட்டு வயது நிரம்பாதவர்களைப் போரில் ஈடுபடுத்தக் கூடாது என்ற ஐ.நா. விருப்ப நெறிமுறை 2000-இல் ஏற்கப்பட்டு, 2002 பிப்ரவரி 12 அன்று நடைமுறைக்கு வந்தது. சிறாரைப் படையில் சேர்த்த குற்றத்துக்காகக் காங்கோவின் தாமஸ் லுபாங்காவுக்குப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2012-இல் 14 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. சட்டம் இருக்கிறது. சட்டம் ஒரு பிள்ளையைத் தேடி ஊருக்குள் வராது. அதை ஊர்தான் செய்ய வேண்டும்.

தமிழர்களான நாம் இதைத் தொலைதூரத்துக் கதையாகக் கேட்டுவிட்டு எழுந்துபோக முடியாது. ஈழப்போரில் பிள்ளைகள் படையில் சேர்க்கப்பட்டார்கள். 1998-இல் ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னுவிடம் சிறாரைப் படையில் சேர்ப்பதில்லை என்று விடுதலைப் புலிகள் அளித்த உறுதிமொழி காப்பாற்றப்படவில்லை. 2004-இல் பிரிந்த கருணா அணியும் அதையே செய்தது. அரசுப் படைகளின் குண்டுகளுக்கும் ஷெல்களுக்கும் பலியான பிள்ளைகள் ஏராளம். அந்த அழிவுதான் பல பிள்ளைகளைத் துப்பாக்கியை நோக்கித் தள்ளியது. இந்த உண்மைகளில் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பது எந்தப் பக்கத்தாருக்கும் அழகல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் மனித உரிமை அறிக்கைகளில் இந்த இரண்டையும் எழுதினார்கள், அதற்கான விலையையும் கொடுத்தார்கள். 2009-இல் போர் முடிந்தபோது படையில் இருந்ததாகப் பதிவாகி மறுவாழ்வு மையங்களுக்கு அனுப்பப்பட்ட சிறார் 594 பேர். இன்று அவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களிடம் போய்க் கதை கேட்க வேண்டாம். வேலை கேட்டு வந்தால் பழையதைக் கிளறாமல் வேலை கொடுப்பதும், பெண் கேட்டு வந்தால் ‘அவன் அங்கே இருந்தவன்’ என்று கிசுகிசுக்காமல் இருப்பதும் ஊரின் கையில்தான் இருக்கிறது.

ஜால் வாழும் கனடாவில் தமிழர்களுக்கும் ஒரு விமானக் கதை உண்டு. அது கடலில் நடந்தது. 1986 ஆகஸ்டில் 150-க்கும் மேற்பட்ட ஈழத் தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் மூடுபனியில் தத்தளித்தார்கள். அவர்களைக் கண்டு படகில் ஏற்றிக்கொண்டவர் கஸ் டால்டன் என்ற உள்ளூர் மீனவர். யார், எவர், என்ன தாள் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அந்தப் படகுகளில் வந்தவர்களின் குடும்பங்களை இன்றைக்கு நினைத்துப் பார்க்கும்போது, ஒரு மீனவர் அன்று செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிகிறது.

நம் மண்ணிலும் அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் நாற்பது ஆண்டுகளாக வாழ்கிறார்கள். 2021-இல் அவற்றின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அரசு மாற்றியது. வீடுகள் கட்டவும் தொடங்கியது. நல்ல காரியம், பாராட்ட வேண்டும். ஆனால் அங்கே பிறந்து, நம் அரசுப் பள்ளிகளில் நம் பாடநூல்களைப் படித்து, நம்மைப் போலவே பேசும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. பொறியியல் படித்து முடித்த பையனுக்கும் அரசு வேலைத் தேர்வு எழுதும் வாசல் மூடியிருக்கிறது. அண்ணன் படித்து என்ன கண்டான் என்று தம்பி பத்தாம் வகுப்போடு வண்ணம் பூசும் வேலைக்குப் போகிறான். அவனை யாரும் துப்பாக்கி தூக்கச் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடம் ஒரு பிள்ளைக்கு எதற்கும் உதவாத இடமாகிவிட்டால், அடுத்து வரும் எந்த ஆசைவார்த்தைக்கும் அவன் காது திறந்திருக்கும்.

இது கட்சிகள் சண்டையிட வேண்டிய விஷயமல்ல. குடியுரிமையை மத்திய அரசுதான் தர முடியும். இங்குள்ள எல்லாக் கட்சி உறுப்பினர்களும் நாடாளுமன்றத்தில் ஒரே குரலில் கேட்கலாம். கல்லூரி நடத்துகிறவர்கள் ஆண்டுக்கு இரண்டு இடத்தை இந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். ஆலை வைத்திருப்பவர்கள் தாளைப் பார்க்காமல் தகுதியைப் பார்த்து வேலை கொடுக்கலாம். வெளிநாட்டில் நன்றாக இருக்கும் உறவுகள் கோயில் திருவிழாவுக்கு அனுப்பும் தொகையில் ஒரு பங்கை ஒரு பிள்ளையின் பட்டப்படிப்பு முடியும் வரைக்கும் என்று எழுதிவைக்கலாம். முகாமில் ராப் பாடும், பறை அடிக்கும், கானா கட்டும் பிள்ளைகள் இருப்பார்கள்; அவர்களை ஊர்த் திருவிழா மேடையில் ஏற்றி, மற்றக் கலைஞர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தைக் கொடுக்கலாம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மறுவாழ்வு முகாம் இருந்தால், இந்த வாரமே அதை அடுத்த பள்ளியின் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். இந்த ஆண்டு இடையில் நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர், எதனால் நின்றார்கள் என்று கேளுங்கள். அதில் ஒரு பிள்ளையின் தேவையையாவது நான்கு பேர் சேர்ந்து பொறுப்பேற்றுக்கொண்டு வீடு திரும்புங்கள்.